பஞ்சு ஒட்டப் போன வீடுகள்

பாட்டுக் கேட்கும் அறையின் சுவரில் ஃபோம் பஞ்சு ஒட்டுவது என் தொழில்; அந்த ஃபோம் என்னென்ன செய்யாது என்று விளக்குவது அதைவிடப் பெரிய தொழில்.

அறைக்குள் போடும் சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் இருக்கத்தான் இந்தப் பஞ்சு. வெளிச்சத்தத்தை அது தடுக்காது. உள்ளே போடும் பாட்டை வெளியே விடாமல் பிடித்தும் வைக்காது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை இதை நான் சொல்லாத வீடு இல்லை, நம்பிய வீடும் இல்லை. ஏ.சி. மாட்டுகிறவர்களே, ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவர்களே, அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பிழைக்கிற எல்லோருமே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஆவடியில் அப்பளம்

ஃபோம், காற்றை உறிஞ்சி அமுக்கிய பாக்கெட்டில் வரும். பிரித்து வைத்தால் மறுநாளைக்குள் தானாக உப்பிக்கொள்ளும். ஆவடியில் வங்கி வேலையில் இருந்த ஒருவர், பாக்கெட் கைக்கு வந்ததுமே போன் போட்டார். "நல்ல தடிமன்னு சொன்னீங்க. அப்பளம் மாதிரி இருக்கு!" எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பி வையுங்கள், காலையில் வருகிறேன் என்றேன்.

கோபக்காரர்களிடம் ஒரு நல்ல குணம், சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள். ஹால், சோபா, கட்டில், சாப்பாட்டு மேஜை என்று ஓர் இடம் விடாமல் பரப்பியிருக்கிறார். மறுநாள் நான் போனபோது வாசல் கதவு பாதிதான் திறந்தது. அந்த இடுக்கில் அவர் மனைவியின் முகம் மட்டும் தெரிந்தது. "அண்ணே, நேத்து அப்பளம்னு சண்டை போட்டாரு, இன்னைக்கு எல்லாம் பூரி ஆயிடுச்சு. நாங்க எங்க உக்காந்து காப்பி குடிக்கிறது?"

கைதட்டல்

ஓர் அறையில் எதிரொலி எந்தப் பக்கம் அதிகம் என்று தெரிந்துகொள்ள, மூலைக்கு மூலை நின்று பலமாகக் கைதட்டிப் பார்ப்போம். காட்டுப்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றில் நானும் என் கூட்டாளி ஏழுமலையும் அப்படித் தட்டிக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அவரும் சேர்ந்து தட்டினார். அறை நன்றாகவே எதிரொலித்தது.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டு அம்மா. பக்கத்தில் பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பெண், கையில் பளபளப்புக் காகிதம் சுற்றிய டப்பா. "சொல்லவே இல்லையே! யாருக்குப் பொறந்த நாள்?" என்று கேட்டார் அந்த அம்மா. தனியாளாகக் குடியிருக்கும் வீட்டுக்காரர் விழித்தார். நான் வெறும் சுவரைக் காட்டி விஷயத்தை விளக்கினேன். அந்த அம்மாவுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சின்னப் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நம்பகமான ஆள் என்று தோன்றியதாலோ என்னவோ ஏழுமலையிடம் கேட்டாள்: "அங்கிள், கேக் இல்லன்னா இந்த கிஃப்ட்ட நானே வச்சுக்கலாமா?"

முணுமுணுப்பு

பட்டாபிராமில் ஒரு பெரியவர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தடதடக்கும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தே காது மந்தமானவர். "பாட்டு கேக்குது தம்பி, வார்த்தைதான் ஒண்ணோட ஒண்ணு குழம்புது" என்றார். வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருந்த அறையில் நல்ல காதுக்கே குழம்பும். அவர் மனைவிக்கோ இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. அவரிடம் எதைச் சொல்வதானாலும் அந்த அம்மா கத்தித்தான் சொல்வார். பிடிக்காததை மட்டும் கத்தாமல் சொல்லிக்கொள்வார்.

வேலை முடிந்ததும் டீயோடு அறைக்குள் வந்த அந்த அம்மா, சுவரைப் பார்த்து, "இது ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சு" என்று முணுமுணுத்தார்.

"என்ன கொறச்சல்?" என்று திரும்பினார் பெரியவர்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "நான் பேசினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

அந்த அம்மா மெதுவாக எதிரே உட்கார்ந்தார். அதே தாழ்ந்த குரலில், "மத்தியானம் என்ன வைக்கட்டும்?" என்றார். "வத்தக்குழம்பு" என்று பதில் வந்தது. நான் சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கியபோது அந்த அம்மா வாசல் வரை வந்தார். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "மிச்சம் இருந்தா ஹால்லயும் ஒட்டிருங்க தம்பி. கத்திக் கத்தி என் குரலே எனக்கு மறந்துபோச்சு" என்றார்.

டிரைவரின் அறை

வெள்ளானூரில் புது வீடு கட்டியிருந்தார் கம்பெனி பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர். அவருக்குப் பாட்டே வேண்டாம், அமைதி வேண்டும். பக்கத்து மனையில் தண்ணீருக்குப் போர் போடும் லாரி உறுமிக்கொண்டிருந்தது. இந்தப் பஞ்சால் அதை அடக்க முடியாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "நீ ஒட்டு நைனா" என்றார். ஒட்டினேன். பின்பு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, திட்டு விழுமோ என்ற பயத்தோடே எட்டிப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "சத்தம் கேட்டுகினுதான் கீது. ஆனா உள்ள வந்தா பஞ்சு அழுக்காயிடும்னு சொல்லி வச்சிட்டேன் பாரு, ஊட்ல ஒருத்தரும் என்னாண்ட வர்றதில்ல!"

மாடியும் கீழும்

அம்பத்தூரில் அண்ணன் கீழே, தம்பி மாடியில். தம்பியின் ஸ்பீக்கரால் சண்டை வந்து, பேச்சு அடியோடு நின்றிருந்தது. எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சத்தம் கீழே போகக்கூடாது என்றார் தம்பி. தரை வழியாக இறங்கும் அதிர்வைப் பஞ்சு நிறுத்தாது என்றேன். "அண்ணனுக்காக ஏதோ செஞ்சேன்னாவது இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது? ஒட்டினோம்.

முடித்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டதும் படியில் திடுதிடுவென்று காலடி. அண்ணன்! கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். தம்பி பாட்டை நிறுத்தப் போனார். அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு முடியும்வரை அசையவில்லை. தம்பி சுவரோரம் நின்றார், புதுப் பஞ்சில் சாயாமல். கடைசியில் அண்ணன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "கீழ எனக்கு வெறும் டம்டம்தான்டா வந்துகினு இருந்துச்சு. பாட்டு பூரா இங்கியேவா இருந்துச்சு?"

இத்தனை வீட்டில் எதிரொலியை அடக்கிவிட்டேன். என் வீட்டில் மட்டும் நான் ஒரு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திரும்பி வருகிறது, அதற்கேற்ற பஞ்சு இன்னும் எந்தப் பாக்கெட்டிலும் வரவில்லை.