கைநாட்டுக்குக் கீழே ஒரு கையெழுத்து

நான் கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்றவன்; எந்த அரசிடமும் சலுகை கேட்டு நின்றதில்லை. ஒருநாள் திருநீர்மலைப் பேருந்துக்காகத் தாம்பரத்தில் காத்திருக்கிறேன். நிலைய வாசலில் ஒரு கட்சிக்காரர் மேசை போட்டு, மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் பாதியை அரசே ஏற்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார். "எங்க வரிப்பணத்துலயா?" என்று ஒருவர் அவரோடு மல்லுக்கு நிற்கிறார்.

அருகில் பூ விற்கும் அம்மாள் என்னிடம் சொல்கிறார்: "பையன் நாவலூர்ல வேலைக்குப் போறான், வருமானம் ஜாஸ்தின்னு கவர்மென்ட் காப்பீட்டு அட்டை இல்லன்ட்டாங்க சார். பிரைவேட்ல கட்டலாம்னா பிரீமியம் ஏறிகினே போவுது. எங்க வூட்டுக்காரருக்கு ஹார்ட்டு சரியில்ல. நீங்களும் போடுங்க சார். என் கைநாட்ட மட்டும் எவன் பாக்கப் போறான்?"

"பார்க்க வைப்போம் அம்மா."

அவருடைய கைநாட்டுக்கு நேர் கீழே, பட்டங்களோடு என் முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிடுகிறேன். பணிக்காலத்தில் எத்தனையோ கோப்புகளில் ஒப்பமிட்ட எனக்கு, இந்தத் தாள் கூடுதல் பெருமையாக இருக்கிறது.

பிரீமியம் கட்ட வழியில்லாமல் நான் கையெழுத்திட்டதாக இப்போது குரோம்பேட்டை நண்பர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. என் பிரீமியத்தை நான் முன்பே கட்டிவிட்டேன். கையெழுத்திட்டது பூக்கார அம்மாளின் கணவருக்காக.