பூங்காவில் எதிர்ச்சுற்று

காஞ்சிபுரத்தில் சுற்றிக்காட்டக் கோயில்களுக்கா பஞ்சம்? பஞ்சமெல்லாம் எனக்குத்தான். ஒவ்வொரு கோபுர வாசலிலும் வழிகாட்டிகள் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பரம்பரைச் சொத்துக்குக் காவல் இருப்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள். புதிதாக ஒருத்தி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நுழைந்தால் போதும், அந்தப் பார்வையிலேயே நமக்குச் செருப்பைத் தேடத் தோன்றிவிடும். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குக்கூட ஆட்கள் இருந்தார்கள். யாரும் உரிமை கொண்டாடாத சரித்திரம் என்று ஊரில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஊர் நடுவில் இருக்கும் பழைய பூங்கா.

ஸ்ரீபெரும்புதூரில் போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு, ஊர் சுற்றிக்காட்டப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அழுதாள். பட்டுத் தறியில் உட்கார்ந்திருந்த அப்பா காலை மிதிபலகையிலிருந்து எடுக்காமலே, "சுத்திக் காட்றதுக்கு ஒரு வேலையா?" என்று கேட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் வேலையை விட்டதை அவர் வெளியில் யாரிடமும் சொல்லவும் இல்லை. குடும்ப மானம் என்பது எங்கள் வீட்டில் கம்பெனி பஸ்ஸில் போய் வரும் சாமான்.

சென்னையில் ஒரு சுற்றுலாக் கம்பெனி, ஒரு காலை நேரம் நடத்திக்காட்டு, எங்கள் ஆள் கூட வந்து பார்ப்பார், பிடித்தால் காஞ்சிபுரம் நடை உனக்கு என்று சொல்லியிருந்தது. பிடிக்காவிட்டால் நான் மறுபடியும் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அதுவும் அவர்கள் சேர்த்துக்கொண்டால்.

அப்பா தினமும் காலையில் அதே பூங்காவில்தான் நடப்பார். எங்கள் வீடு செவிலிமேட்டில். இங்கே தெருவில் நடந்தால் நாய் துரத்துகிறது என்று டவுன் பஸ் பிடித்து வந்து நடப்பார். நடப்பதற்காக பஸ் ஏறும் மனிதரை டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விசிலை ஒப்படைத்துவிட்டு வந்தாரே தவிர குரலை ஒப்படைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, என்னைப் பார்த்ததும் இல்லை. பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அப்பாவுக்கு இருப்பது மட்டும் தெரியும்.

"நாளைக்கு பார்க்குக்கு வருவியாப்பா?" என்று முந்தின நாள் கேட்டேன்.

"தறிக்குப் புதுப் பாவு வந்துக்குது. இழை இழையா பிணைக்கணும். எனக்கு ஏது நேரம்?" என்றார். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பூங்கா வாசலில் சென்னைக் கூட்டம் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, பாலைவனம் கடக்க வந்தவர்கள் போல இறங்கியது. என்னைப் பார்க்க வந்த சுற்றுலாக் கம்பெனி அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கூட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி இருந்தார். எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பதற்காகவே பணம் கட்டி வந்தவர்.

என் திட்டம் பிரமாதமானது. பழசிலிருந்து புதுசுக்கு. முதலில் இரும்புக் கேட், பிறகு ரேடியோ அறை, உருளைக்கல், திறப்புவிழாக் கல்வெட்டுகள், கடைசியில் உடற்பயிற்சிக் கம்பிகள். வீட்டில் உட்கார்ந்து போனில் வரைபடத்தைப் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தேன். அந்த வரிசைப்படி போனால் பூங்காவை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பது வரைபடத்தில் தெரியத்தான் செய்தது. அதனால் என்ன என்று நினைத்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த கழுதைக்கு அது கூடவா தெரியவில்லை என்று கேட்காதீர்கள். தெரியவில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நடுவில் ஏதாவது இருந்தால் போதும், வலமாகத்தான் சுற்றுவார்கள். பூங்காவின் நடுவில் இருப்பது அலகு உடைந்த சிமெண்டுக் கொக்கு. இருந்தாலும் சர்க்கரை வியாதிக்காரர்கள், வக்கீல்கள், கல்யாணத்துக்கு இளைக்கிற பெண்கள் எல்லாரும் அந்தக் கொக்கை வலம் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் எதிரே போனோம்.

"எம்மா, எதிர்ல வராதம்மா!" என்று ஒருவர் கையை ஆட்டினார்.

"காலங்காத்தால அப்பிரதட்சிணமா சுத்துதுங்க பாரு" என்று ஒரு அம்மாள் என் காதில் விழும்படி பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள்.

வங்கி அதிகாரி உடனே, "இப்படித்தான் சுற்றணும்னு விதி இருக்கா? போர்டு இருக்கா?" என்றார்.

"போர்டு இல்ல சார். பழக்கம்."

"எப்பலேர்ந்து?"

தெரியாது என்றேன். கம்பெனி அம்மா போனில் ஏதோ தட்டினார்.

அப்போதுதான் வளைவில் அப்பா வந்தார். பாவு பிணைக்க வேண்டிய மனிதர், வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் கண்டக்டருடன். என்னைப் பார்த்தார். உடனே தலையைத் திருப்பி ஒரு தூங்குமூஞ்சி மரத்தை, வாழ்நாளில் மரமே பார்க்காதவர் போலப் பார்த்துக்கொண்டு போனார். ஊர் வழக்கப்படி வலமாகப் போயிருந்தால் அவர் என் முதுகைத்தான் பார்த்திருப்பார். எதிர்ச்சுற்று போன புண்ணியத்தில் சுற்றுக்கு ஒருமுறை முகத்துக்கு முகம்.

ரேடியோ அறையில் நின்றோம். ஒரு காலத்தில் மாலையானால் செய்தி கேட்க ஊரே இதன் முன்னால் புல்லில் உட்கார்ந்திருக்கும், கூரையில் ஒலிபெருக்கி இருந்தது என்றேன். இப்போது உள்ளே துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் இருக்கின்றன என்பதையும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அப்பா வந்தார். இந்த முறை மரத்தைப் பார்த்தாலும் நடை மெதுவாக இருந்தது.

அடுத்தது உருளைக்கல். புல்தரையை மட்டம் செய்ய வைத்திருந்த கல்லை யாரோ நிமிர்த்தி நிறுத்த, அடுத்த வெள்ளிக்கிழமையே யாரோ மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். இந்த ஊரில் ஒரு கல்லுக்குச் சும்மா நிற்கும் சுதந்திரம் கிடையாது. "ஆதாரம்?" என்றார் அதிகாரி. கல்லின் உச்சியில், இழுப்பதற்கு இரும்புத் தண்டு செருகிய குழியைக் காட்டினேன். அவர் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அதற்குள் அப்பா மறுபடியும் வந்தார். செருப்பு வாரை நிதானமாகச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது.

பிறகு திறப்புவிழாக் கல்வெட்டுகள். பழைய ராஜாக்கள் கோயிலுக்கு ஊரையே எழுதிவைத்துக் கல்வெட்டு வெட்டினார்கள், நம் காலத்தில் கொக்குக்கு ஒவ்வொரு முறை பெயிண்ட் அடிக்கும்போதும் ஒன்று வெட்டுகிறோம் என்றேன். கம்பெனி அம்மாவே கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்த நேரத்தில் அப்பாவும் கண்டக்டரும் வர, அவர் இருவரையும் கைகாட்டி நிறுத்தினார்.

"சார், ஒரு நிமிஷம். நீங்க உள்ளூர்தானே? இந்த நடையைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?"

கண்டக்டர் முந்திக்கொண்டார். "என்னத்த நெனைக்கிறது? இந்த ஆளு மூணு சுத்துக்கு மேல நடக்க மாட்டாரு. இன்னிக்கி நிக்கவே மாட்டேங்குறாரு. என் காலு ரெண்டும் போச்சு."

அப்பா தொண்டையைச் செருமினார். "ரேடியோ ரூமாண்ட சொன்னது ரொம்ப சரி. நான் சின்னப் பையனா அங்க உக்காந்துக்கினு கேட்டுருக்கேன். கல்லாண்ட கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க, ஒரு இழை உட்டுப்போச்சு. மத்தபடி நல்லா சொல்றாங்க. கொரலு கணீர்னு இருக்குது." என்னைப் பார்க்காமல், கல்வெட்டைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா என்னைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. முதல்முறையாகக் கேட்டபோது அது என்னிடம் சொல்லப்படவில்லை.

"இவங்களை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்றார் கம்பெனி அம்மா. "தப்பா நினைக்காதீங்க. வேற ஊர்ல ஒரு பையன் சொந்த மாமாவையே கொண்டுவந்து நிறுத்திப் பாராட்ட வச்சான். அதுலேர்ந்து சொந்தக்காரங்க சொல்றதை நாங்க கணக்குல எடுக்கறதில்ல."

அப்பா இப்போது என்னைப் பார்த்தார். பக்கத்தில் கண்டக்டர். நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், வேலை போனால் போகட்டும், 'எம் பொண்ணு' என்று சொல்லிவிடட்டும் என்றுதான் நின்றேன். அவ்வளவு ஆசையாக இருந்தது.

"தெரியாதும்மா. இன்னிக்கிதான் பாக்குறேன்" என்றார்.

கம்பெனி அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "இதுதான் எங்களுக்கு வேணும். சம்பந்தமே இல்லாத ஒரு உள்ளூர்க்காரர் நின்னு கேட்டுப் பாராட்டுறார் பாருங்க. வர்ற சனிக்கிழமையே ஆரம்பிச்சிடலாம்" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பி, "ரொம்ப நன்றி சார்" என்றேன். அவரும் கைகூப்பினார். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு நாகரிகமாக யாரும் பேசிக்கொண்டதில்லை.

வீட்டுக்குப் போனதும், "ஏம்பா அப்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"சொன்னதாலதான கெடச்சுது?" என்றார். அது எனக்காகச் சொன்னதா, கண்டக்டருக்காகச் சொன்னதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் தறியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் இப்போது நான் பூங்காவில் இருக்கிறேன். வலமாகத்தான் சுற்றுகிறேன், சரித்திரத்தைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு. சனிக்கிழமை மட்டும் அப்பா நடக்க வருவதில்லை. கண்டக்டர் தனியாக வருகிறார். போன வாரம் என் கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கி ஒன்ன நல்லா சொன்னாரே, அவருக்கும் ஒன் வயசுல ஒரு பொண்ணு கீதும்மா. பெரிய கம்பெனி. நீ இங்க மொதமொதல்ல வந்த பாரு, அதுக்கு மறுநாளு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கியாந்து பார்க்கு பூரா குடுத்தாரு. பொண்ணுக்கு ப்ரமோஷனாம். மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி, பாத்துக்கோயேன்."

எங்கள் வீட்டுக்கு அதில் ஒரு துண்டுகூட வரவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்னு அவர சொல்லச் சொல்லுங்க சார்" என்றேன்.