வலது அக்குள் தையல்

என் அண்ணிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கல்யாணமாகி வந்த வாரமே, சுவர்க் கடிகாரம் ஏன் பிந்துகிறது என்று கழற்றிப் போட்டவர். தையற்காரி. டப்பாவில் பழச்சாறு அடைக்கும் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். அங்குள்ள பெண்களுக்குக் கோட்டு தைக்கும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். எனவே மேனேஜர் பதினான்கு கோட்டுகளை என் மேசைமேல் போட்டு, எல்லாம் அக்குளில் பிரிந்துவிட்டன, இனி வேறு ஆளைப் பார்க்கப்போகிறேன் என்றபோது மூக்கறுபட்டவனும் நான்தான்.

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அவரோ பதினான்கையும் கூடத்தில் விரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். பிரிந்தது எல்லாமே வலது அக்குள். இடது பக்கம் ஒரு நூல்கூட நகரவில்லை.

"என் தையல் மோசம்னா ரெண்டு பக்கமும்தானே பிரியணும்?" என்றார்.

காலருக்குள் ஆள் எண் இருக்கும். பதிவேட்டைப் புரட்டினேன். பதினான்கு பேரும் மூடி இறுக்கும் பிரிவு. மற்றப் பிரிவுகளிலும் அதே துணி, அதே நூல், ஒன்றும் ஆகவில்லை. அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அளவெடுக்கிற சாக்கில் தொழிற்சாலைக்குள் வந்துவிட்டார்.

அரை மணி நேரம் சும்மா நின்று பார்த்தார். ஒவ்வொரு டப்பாவுக்கும் தலைக்குமேலே இருக்கும் கைப்பிடியை எட்டிப் பிடித்து இழுக்க வேண்டும். பெண்கள் குதிகாலைத் தூக்கி, வலது தோளையும் தூக்கி இழுத்தார்கள். யாரோ நெட்டையர்களுக்காகச் செய்த இயந்திரம். அண்ணி கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கைப்பிடிவரை அளந்தார். பிறகு ஒவ்வொருத்தியின் தோள் உயரத்தையும் அளந்தார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மேனேஜர் வந்து விஷயத்தைக் கேட்டார். அக்குளில் இரட்டைத் தையல் போட்டுவிடுங்கள், வேலை உங்களுக்கே என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தலையாட்டித் தொலைக்க வேண்டியதுதானே?

"போடலாம் சார். கோட்டு தாங்கிக்கும். இவங்க தோளுக்கு யார் தையல் போடறது?" என்றார் அண்ணி.

மேனேஜர் தானே போய்க் கைப்பிடியைப் பிடித்தார். ஆறடி மனிதர், அது அவர் தாடைக்கு நேரே வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் உயரத்தைப் பார்த்தார். ஃபிட்டரைக் கூப்பிடச் சொன்னார்.

கைப்பிடித் தண்டில் மூன்று துளை போட்டு, அவரவர் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளும்படி ஃபிட்டர் செய்து கொடுத்தார். மூன்று மாதம் கழித்துச் சரிசெய்ய வந்த கோட்டுகளில் பொத்தான்தான் போயிருந்தது. வேலையும் அண்ணியிடமே நின்றது.

போன வாரம் ஸ்டோர் அலமாரியைத் துடைத்தேன். வலித் தைலப் புட்டிகள் அப்படியே தூசி படிந்து நின்றன. மூன்று வருடமாக அந்தப் பதினான்கு பேரும் வாரம் தவறாமல் வாங்கிப் போன தைலம். குடிக்கிறீர்களா என்று கிண்டல் வேறு செய்திருக்கிறேன். ஒவ்வொரு புட்டியையும் என் கையால் கொடுத்து, யாருக்கு என்று நானே எழுதியும் வைத்திருக்கிறேன். எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அண்ணியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.