பிடி கழலாத கத்தி

கத்தியைப் பற்றி எங்கள் குப்பத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரத்துக்கு மீன் விற்கப் போகும் நாட்களில் வீட்டு மீனை அறுப்பது நான்தான். சங்கராவுக்குச் செதில் எடுக்க ஒன்று, வஞ்சிரத்தைத் துண்டு போட ஒன்று என்று தனித்தனியாகக் கத்தி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாலாம் வாய்ப்பாட்டைத் தாண்டவில்லை. அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. வாய்ப்பாட்டை வைத்து மீன் அறுக்க முடியாது.

ஆகவே மாமா பட்டாளத்துக்குத் தேர்வாகி, அவருக்கு ஒரு நல்ல கத்தி வாங்கவேண்டும் என்று அம்மா சொன்னபோது, அதைப் பொறுக்கி எடுக்கப்போவது நான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்தவர். நைனா, என் அப்பா, உயிரோடு இருந்தவரை இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனார்கள். பிறகு நைனாவைக் கடல் எடுத்துக்கொண்டது. எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். எப்படி எடுத்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் குப்பத்தில் பல வீடுகளில் ஓர் ஆளை அது எடுத்திருந்தது. அதற்குப் பின் மாமா தண்ணீரில் கால் வைக்கவில்லை. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டினார், சிற்பிகளுக்குக் கல் சுமந்தார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் செங்கல்பட்டுக்கு ஓடிப்போய் மார்பை விரித்துக் காட்டினார். எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா அவரிடம் அதிகம் பேசமாட்டாள். சண்டையும் கிடையாது. சோற்றைப் போடுவாள், தட்டைத் தரையில் தள்ளி வைப்பாள், வெளியே போய்விடுவாள். நைனா போனதிலிருந்து வீடு இப்படித்தான் இருந்தது. எனக்கு அது பழகிவிட்டது.

எங்கள் வீட்டுக் கூரையில் இன்னொரு பொருளும் இருந்தது. ஒரு மரப்பிடி. கத்தி இல்லாத வெறும் பிடி. ஓலைக்கு அடியில், மூங்கிலில் செருகியிருக்கும். முனையில் ஒரு ஓட்டை. அம்மா இல்லாத நேரத்தில் அதை எடுத்து, கொட்டாங்கச்சியில் மணலைப் போட்டு, என் பொம்மைக்கு நெல் குத்திக் கொடுப்பேன். அம்மா வந்து பார்த்தால் திட்டமாட்டாள். பிடுங்கி மறுபடி அதே இடத்தில் செருகிவிடுவாள். மாமா அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாமா வாசலில் நின்று, "யக்கா, போய்ட்டு வரட்டா?" என்று கேட்டார்.

"போ. ஆனா கத்தியை நான்தான் வாங்கிக் குடுப்பேன். அது தேறுனாத்தான் நீ ரயிலு ஏறணும். தேறலன்னா இங்கியே கெட."

எதிரியை நன்றாகக் குத்தவேண்டும் என்று அம்மா இவ்வளவு அக்கறை காட்டுவது எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். மாமா மடியில் ஒரு தகரப் பெட்டி. அம்மாவின் பையில் ஏதோ ஈரத்துணியில் சுற்றிய மூட்டை. நான் பூவரச இலையில் ஒரு சங்கரா மீனை மடித்துப் பாவாடையில் சொருகியிருந்தேன். கத்தியைச் சோதிக்க மீனைவிட வேறென்ன இருக்கிறது? திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை எதிரியை எங்கே குத்தவேண்டும் என்று மாமாவுக்குப் பாடம் நடத்தினேன்.

"நீயே போயேன் பாப்பா எனக்குப் பதிலா" என்றார் மாமா. "நான் வூட்ல குந்திகினு மீன் அறுக்கறேன்."

செங்கல்பட்டு ரயிலடிக்குப் போகிற வழியில் ஓர் இரும்புக் கடை. வாளியும் கரண்டியும் அரிவாளும் வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு டீக்கடை. மதியத்துக்கு மேல் பட்டணத்துக்கு ரயில். அதைப் பிடித்து, மறுநாள் விடியற்காலையில் பட்டணத்தில் போய் நிற்காவிட்டால் மாமாவின் பேரை அடித்துவிடுவார்கள். அதைப் பஸ்ஸிலேயே அவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"கத்தி காட்டுண்ணா. இவன் பட்டாளத்துக்குப் போறான்" என்றாள் அம்மா.

கடைக்காரர் சிரித்தார். "பட்டாளத்துல துப்பாக்கியே குடுக்கறான். கத்தி குடுக்க மாட்டானா?"

"அவன் குடுக்கறது அவனுது. நான் குடுக்கறது என்னுது. எட்த்து வை."

துணி விரித்து ஏழெட்டுக் கத்திகளைப் பரப்பினார். எல்லாம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. ஒன்றின் பிடி மான் கொம்பு மாதிரி வரிவரியாக இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு முடிவாகிவிட்டது. அவர் வாய் திறப்பதற்குள் மீனை எடுத்துப் பலகைமேல் வைத்து வயிற்றைக் கிழித்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"ஐயையே! இன்னா பாப்பா, இது கடையா மீன் மார்க்கெட்டா?"

"கொடலு கீழ வுழல, பாத்துக்க" என்றேன். "மாமா, இதான். இதையே எட்த்துக்க."

மாமா அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். அம்மாவும் என் மீனைக் கண்டுகொள்ளவில்லை. பையிலிருந்து ஈரத்துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு முழம் வலைக்கயிறு. நைலான் கயிறு, தண்ணீரில் ஊறி வழவழவென்று இருந்தது. ஒரு முனையை மாமாவிடம் நீட்டினாள். "புடி."

மாமா பிடித்துக்கொண்டார். அம்மா ஒவ்வொரு கத்தியாக எடுத்து ஒரே இழுப்பில் அறுத்துப் பார்த்தாள். என் மான் கொம்பு வழுக்கிக்கொண்டு போனது. மூன்று கத்திகள்தான் அறுத்தன. அந்த மூன்றையும் வாரிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தாள். அங்கே கொதிக்கும் தண்ணீரில் ஒரு குவளை வாங்கி, முதல் கத்தியைப் பிடி முங்கும்படி நிறுத்தினாள்.

"டீ போடற தண்ணிம்மா அது! இன்னாம்மா ஒரே பேஜாராப் போச்சு" என்றார் டீக்கடைக்காரர்.

கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். முந்தானையால் இரும்பைப் பிடித்து ஒரு திருகு. ஆடின பல் மாதிரி பிடி தனியாக வந்துவிட்டது. உள்ளே வைத்திருந்த அரக்கு இளகி நாறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கழலவில்லை, ஆனால் ஆடியது. அம்மா அதையும் தள்ளி வைத்தாள்.

கடைக்காரர் ஓடி வந்தார். "வெந்நீல போட்டா எந்தப் பிடியும் கழலத்தான் செய்யும்! இவரு இன்னா கத்தியை வேக வெச்சா துண்ணப் போறாரு?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"வெந்நீல ஒரு நிமிசத்துல கழல்றது, உப்புத் தண்ணீல ஒரு மாசத்துல கழலும்" என்றாள். "வேற காட்டு."

"யக்கா, நேரமாவுது. எதனா ஒண்ணு எட்த்துக்கலாமே" என்றார் மாமா மெதுவாக.

"ரயிலு போனா போவட்டும்."

மாமா தகரப் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். சவுக்குத் தோப்புக்கே திரும்பிப் போகப்போகிறவர் மாதிரி இருந்தது அவர் உட்கார்ந்த விதம். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. நான் எடுத்துக் கொடுத்ததை வாங்கியிருந்தால் இத்தனை நேரம் ரயிலடியில் முறுக்கு தின்றுகொண்டிருக்கலாம்.

கடைக்காரர் முனகிக்கொண்டே கழன்ற பிடிகளைப் பொறுக்கினார். கடைக்குள் போய், அவற்றைச் சேர்த்துக் கட்டிவைக்கச் சணல் இழுத்தார். இழுத்த சணலைக் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து அறுத்தார்.

"அத்தக் குடு" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற அம்மா.

"இது விக்கறதுக்கில்லம்மா. கடை தொறந்த நாள்லேந்து என் கையில கீது."

கறுப்பாக, குட்டையாக, பார்க்க அசிங்கமாக இருந்தது. இரும்பு பிடியின் கடைசிவரை ஓடியிருந்தது. இரண்டு பக்கமும் மரம் வைத்து மூன்று ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். "ஐயே, தேங்கா தோண்டற கத்தி" என்றேன். யாரும் கேட்கவில்லை. அம்மா கயிற்றில் வைத்தாள். ஒரே இழுப்பு. இரண்டு துண்டு. டீக்கடைக்குப் போய் வெந்நீரில் நிறுத்தினாள். திருகினாள். அசையவில்லை. இன்னொரு தடவை முக்கினாள்.

கடைக்காரர் தன் கத்தியையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எட்த்துகினு போ தாயே" என்றார். "இன்னும் நாலு முக்கு முக்குனா என் கடையே கழண்டுடும். காசு வேணாம். அடுத்த தபா வரும்போது நல்ல நெத்திலிக் கருவாடா கொண்டா."

அம்மா கத்தியைத் துடைத்து மாமாவிடம் நீட்டினாள். டீக்கடைக்காரர் பதறிப்போனார். "கையில குடுக்காதம்மா! கீழ வை, அண்ணாத்த எட்த்துக்கட்டும். இரும்பைக் கையோட கையா குடுத்தா ஒறவு அறுந்துடும்."

"மரத்து மேல எங்க கீழ வெக்கறது?" என்றாள் அம்மா. மரம் என்றால் எங்களுக்குக் கட்டுமரம்தான். "வெச்சா கடல்லதான் தேடணும்."

மாமா எழுந்து வந்து பிடியைப் பிடித்தார். அம்மா விடவில்லை. முந்தானையை நாலாக மடித்து இரும்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இழு."

மாமா இழுத்தார்.

"இன்னும் இழுடா. சோறு துண்ணல?"

மாமா காலை ஊன்றி இழுத்தார். அம்மாவும் காலை ஊன்றிக்கொண்டாள். பட்டப்பகலில், நடுத்தெருவில், இரண்டு பெரியவர்கள் ஒரு கத்தியின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிடி வரவில்லை. திடீரென்று மாமாவின் முகம் கோணியது. கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது. இழுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

"அய்ய, பட்டாளத்துக்காரரு அழுவறாரு!" என்று நான் கத்தினேன்.

"வரலக்கா" என்றார் மாமா. "வரல."

"வராது. போ" என்று அம்மா கையை விட்டாள்.

ரயிலடிக்கு ஓடினோம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாமா படியில் தொத்தி ஏறினார். ரயில் நகர்ந்தபோது அம்மா கூடவே நடந்தாள். "தம்பி, வேளைக்குத் துண்ணு" என்று சொன்னாள். நான் முறுக்கு கேட்டேன். வாங்கிக் கொடுத்தாள்.

பயிற்சிக்குப் போன முதல் நாளே வாசலில் அந்தக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். முதல் விடுப்பில் வரும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்கள். அதை மாமாவே சொல்லிச் சிரித்தார். மற்றதைச் சொல்லப் பல வருஷம் எடுத்துக்கொண்டார். அதற்குள் நான் வீட்டைவிட்டுக் கிளம்பி, ரோடு போடுகிற கும்பலோடு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியிருந்தேன். ஒரு ரயிலடியில் எதிர்ப்பட்டார். ரோட்டோரம் படுக்கிறவளுக்குத்தான் இது உதவும் என்று அந்தக் கத்தியை எடுத்து நீட்டினார். கையிலேயே கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்.

அலையில் மரம் கவிழ்ந்தபோது வலைக்கயிறு நைனாவின் காலில் சுற்றிக்கொண்டது. வலையின் கல் கீழே இழுத்தது. மாமா கத்தியோடு முங்கினார். சந்தையில் அவரே பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய கத்தி, பளபளவென்று இருக்கும். கயிற்றில் பாதி அறுத்திருப்பார். இரும்பு கழன்று கீழே போய்விட்டது. மூச்சு முட்டி மேலே வந்தபோது அவர் கையில் பிடி மட்டும் இருந்தது. அதைப் பிடித்தபடியேதான் கரைக்கு வந்து அம்மாவின் எதிரே நின்றார்.

இதெல்லாம் செங்கல்பட்டிலிருந்து திரும்பிய அன்று எனக்குத் தெரியாது. பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். நான் கிழித்த சங்கராவுக்கு டீக்கடையிலேயே உப்பு வாங்கித் தடவிவைத்திருந்தாள் அம்மா. குழம்பு வைக்க அடுப்பை மூட்டினாள். பிறகு கூரைக்குக் கையை நீட்டி, மூங்கிலிலிருந்து அந்தப் பிடியை உருவி, அடுப்பில் வைத்தாள்.

"அம்மா, என் உலக்கை!" என்று அலறினேன்.

"வேற செஞ்சிக்க."

அது சீக்கிரத்தில் பிடிக்கவில்லை. நெடுநேரம் புகைந்து, பிறகு பற்றிக்கொண்டது. நான் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்மேல் துளிக்கூடத் தப்பில்லை, வாங்கச் சொன்ன கத்தியையும் வாங்கவில்லை, விளையாட இருந்ததையும் எரித்துவிட்டார்கள். இரண்டு நாள் அம்மாவோடு பேசுவதில்லை என்று தீர்மானித்தேன். குழம்பை மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் பேசாததை அம்மா கவனிக்கவே இல்லை. அன்றைக்கு அவள்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.