மதாமின் நாகதாளி

எங்கள் சன்னலுக்கு வெளியே, ஸ்னோ கொட்டுகிற பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பலில், ஒரு நாகதாளிக் கள்ளி நிற்கிறது. நிற்கிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், படுத்துத்தான் கிடக்கிறது. வேலைக்குப் போகுமுன் அதற்கு ஒரு போன்ஜூர் சொல்வேன். பதில் வராது. இந்த ஊரில் அது எனக்குப் பழகிப்போனதுதான்.

ஊரில் நாகதாளிக்கும் எனக்கும் ஆகாது. வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தால் ஓடி, கடற்கரை மணலில் நின்ற நாகதாளிப் பற்றைக்குள் விழுந்தேன். இரண்டு நாள் குந்த முடியவில்லை. நான் படித்த கடைசிப் பாடம் அது. ஆனாலும் அதைப் பக்கத்து வீட்டு மதாமின் பூச்சட்டியில் கண்டபோது சொந்தக்காரனைக் கண்டதுபோல இருந்தது.

மதாமுக்கு எண்பது வயதிருக்கும். செத்துப்போன புருஷன் எங்கோ ஒரு கடற்கரையில் முறித்துக் கொண்டுவந்து நட்டதாம். இடுப்பு ஒப்பரேஷனுக்குப் போகும்போது சட்டியை என் கையில் தந்தார். "வெளியே வையுங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று இரண்டு தரம் சொன்னார். என் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனால் இது நன்றாகவே விளங்கியது. எங்கள் ஆட்கள் 'ஒண்டும் வேண்டாம்' என்று சொன்னால் உடனே தேத்தண்ணீர் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். மதாமும் அப்படித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மார்கழிக் குளிரில் நாகதாளி தோல் சுருங்கி, சட்டி விளிம்பில் சாய்ந்தது. நான் உள்ளே தூக்கி வந்தேன்.

"மனிசி வெளியில வைக்கச் சொன்னதெல்லோ?" என்றாள் மனைவி.

"அது மரியாதைக்குச் சொன்னது. எங்கட வெயில் மரமப்பா. விறைச்சுச் செத்துப்போம்."

"நீங்கள் வந்து இருபது வருஷம். இன்னும் சாகேல்லைத்தானே?"

வீட்டைச் சூடாக்கும் ஷொஃபாஜுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாளுக்கு இரண்டு தரம் இளஞ்சூட்டுத் தண்ணீர். என்னை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. இரண்டு கிழமையில் நாலு மடலில் மூன்று, அவித்த வத்தாளங்கிழங்குபோல் கையோடு வந்தன.

மிஞ்சிய மடலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"குளிர், மதாம். பாவமாக இருந்தது. உள்ளே வைத்துத் தண்ணீர் விட்டேன்" என்று மடலை நீட்டினேன்.

"அது ஸ்னோ விழுகிற கடற்கரையில் பிறந்தது, மிஸ்யூ. குளிர் வந்தால் தன் தண்ணீரைத் தானே குறைத்துக்கொண்டு படுத்துவிடும். வசந்தத்தில் எழும்பும். அதைக் கொல்வது ஈரம்தான்."

நான் சிரித்தேன். அந்தரப்பட்டால் என் முகத்துக்கு வேறொன்றும் தெரியாது. மதாம் சிரிக்கவில்லை. மடலைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"மணலில் நட்டு வெளியே வையுங்கள். இந்தத் தரமாவது ஒன்றும் செய்யாதீர்கள்."

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்த நாட்டில் கோப்பை கழுவியிருக்கிறேன், மூட்டை சுமந்திருக்கிறேன். இவ்வளவு கஷ்டமான வேலை பார்த்ததில்லை. அது நித்திரையா, செத்துவிட்டதா என்று வசந்தம் வரும்வரை தெரியாது. மதாமும் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

"சன்னலைப் பூட்டுங்கோவன், வீடு விறைக்குது" என்கிறாள் மனைவி.

மனம் வரவில்லை. தலை வெளியே ஸ்னோவில், கால் இரண்டும் உள்ளே ஷொஃபாஜோடு ஒட்டியபடி நிற்கிறேன். கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். வெளியே விட்டால் தண்ணீர் ஊற்றிவிடும்.