பச்சைத் துண்டு

கைதட்ட எனக்கு இன்றைக்கும் கை வராது. மகளின் பட்டமளிப்பு விழாவில் அரங்கமே எழுந்து நின்று தட்டியபோது, நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மனைவி முழங்கையால் இடித்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூடத் தட்ட மாட்டானா இந்த மனுஷன் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். தொண்ணூறுகளில் ஒரு கம்பெனி என்னை உட்காரவைத்து, யாரென்றே தெரியாத பதினோரு பேருக்காகத் தட்டவைத்தது. அதற்குப் பிறகு இந்தக் கைகள் யாருக்கும் தட்டுவதில்லை.

துபாயிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் லேபர் கேம்ப். நான் ஷட்டரிங் கார்பெண்டர். கான்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அடிப்பவன். வாரத்தில் ஆறு நாள் சைட், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அந்த வெள்ளிக்கிழமையில்தான் துணி துவைக்க வேண்டும், முடி வெட்ட வேண்டும், கடிதம் எழுத வேண்டும், தூங்க வேண்டும். எனக்கு இதையெல்லாம்விட ஒன்று முக்கியம். மாதத்தின் முதல் வெள்ளி, மாலை நாலரை மணி.

ஊரில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. மெயின் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுப் பெண்கள் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் இங்கிருந்து கூப்பிடுவோம். பூத்காரர் ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார். எங்களுக்கு அமைந்தது முதல் வெள்ளி, ஊர் நேரம் மாலை ஆறு. மகள் பிறந்தபோது நான் ஊரில் இல்லை. போட்டோவில்தான் பார்த்திருந்தேன். இரண்டு வயது நடந்துகொண்டிருந்த அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி மூன்று மைல் நடந்து வருவாள். நான் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு பஸ் பிடித்து துபாயில் கராமா என்கிற பகுதிக்குப் போய், கார்டு போட்டுப் பேசும் பூத்தில் வரிசையில் நிற்பேன். கேம்ப்பில் போன் மாஃபி, கிடையவே கிடையாது.

இதற்குள்தான் அந்தக் கல்லூரி வந்து விழுந்தது.

எங்கள் கஃபீல், அதாவது எங்கள் விசாவுக்குச் சொந்தக்காரரான அரபி, ஒரு கல்லூரியின் நிர்வாகத்திலும் இருந்தார். அவர் மகன் அந்தக் கல்லூரி ஃபுட்பால் டீமின் கேப்டன். மகனுக்காக மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கப் படிப்படியாக கேலரி கட்டிக் கொடுத்திருந்தார். அதன் பலகையை அடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் உட்கார ஆள் இல்லை. ஆட்டம் வெள்ளிக்கிழமை. மாணவர்கள் வியாழன் மதியமே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்துவிடுவார்கள். முன்வரிசை சோஃபாவில் வெள்ளை அங்கி விருந்தாளிகள் பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபிக் காபியுமாக உட்கார்ந்திருக்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் கேலரி வெறிச்சென்று கிடந்தால் கௌரவம் என்னாவது? அதற்கு எங்களைப் பிடித்தார்கள்.

வியாழன் சாயங்காலம் கேம்ப் சூப்பர்வைசர் ரூம் ரூமாக வந்து கதவைத் தட்டுவார். "கல் மேட்ச் டூட்டி. தீன் பஜே பஸ். யல்லா." நாளைக்கு மூன்று மணிக்கு பஸ், அவ்வளவுதான். ஓவர்டைமும் இல்லை, மாற்று லீவும் இல்லை. ஆளுக்கு ஒரு பச்சைத் தொப்பி, ஒரு ஜூஸ் டப்பா. தொப்பியைத் திரும்பி வரும்போது எண்ணி வாங்கிக்கொள்வார்கள். கல்லூரியின் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டும்தான் நாங்கள். வெளியூர் ஆட்டம் என்றால் ரசிகர்களைப் பிடிப்பது அந்த ஊர்க் கம்பெனிக்காரன் பாடு.

முதல் ஆட்டத்துக்கு முன் சூப்பர்வைசர் பஸ்ஸிலேயே பாடம் நடத்தினார். அவருக்கும் ஃபுட்பாலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. வலது பக்க வலைக்குள் பந்து போனால் எழுந்து கத்த வேண்டும், இடது பக்கம் போனால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். முதல் பாதியில் வலது பக்கம் ஒரு கோல். நூற்றைம்பது பேரும் எழுந்து கத்தினோம். கஃபீல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இடைவேளை முடிந்தது. மறுபடி வலது பக்கம் ஒரு கோல். மறுபடி எழுந்தோம், குதித்தோம், ஒருவர் தொப்பியைத் தூக்கி எறியவே செய்தார். கஃபீல் மறுபடி திரும்பிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு இரண்டு டீமும் பக்கம் மாறிக்கொள்ளும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மகனின் டீம் வாங்கிய கோலுக்குத்தான் நாங்கள் அத்தனை ஆட்டம் ஆடியிருந்தோம்.

எனக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் வெறுங்காலில் ஆடியவன். ஆனாலும் சொன்னபடி கத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். திரும்பும்போது பஸ்ஸில் சூப்பர்வைசர் எல்லோரையும் கழுதைகளே என்று திட்டினார். எனக்குச் சுருக்கென்றது. "பாய், ஹாஃப் டைமுக்கு அப்புறம் சைடு மாறும். நீங்கதான் தப்பாச் சொன்னீங்க" என்று எழுந்து எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அச்சா! தும்கோ மாலூம்?" உனக்குத் தெரியுமா, அப்படியானால் இனி நீதான் என்று ஒரு பச்சைத் துண்டை என் மடியில் போட்டார். நான் துண்டைத் தூக்கினால் எல்லோரும் கத்த வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். மற்றவர்கள் ரூம் வாரியாக முறை வைத்துப் போனார்கள். துண்டுக்காரனுக்கு முறையே இல்லை, எல்லா ஆட்டத்துக்கும் போக வேண்டும். என் வாயாலேயே என் வெள்ளிக்கிழமைகளைத் தொலைத்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் மேலும்தான், என் வாய் மேலும்தான்.

அடுத்த மாதம் முதல் வெள்ளியில் ஆட்டம் வந்தது. நாலரை மணிக்கு நான் துண்டோடு நின்றேன். அதே நேரத்தில் ஊரில் என் மனைவி பூத் பெஞ்சில், மடியில் பிள்ளையோடு, அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டிய பிறகுதான் எழுந்து நடந்தாளாம். இந்தக் கல்லூரிக்காரர்கள் ஆட்டத்தை ஒருநாள் முன்னால் சொல்வார்கள், என் கடிதம் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆகும்.

அதற்கடுத்த மாதமும் முதல் வெள்ளியே. இந்த முறை உஷாரானேன். கராமா போகவிருந்த பக்கத்து ரூம்காரரிடம் நம்பரைக் கொடுத்து, நான் டூட்டியில் மாட்டிக்கொண்டேன் என்று வீட்டில் சொல்லச் சொன்னேன். நல்ல மனுஷர், மறக்காமல் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டு, "அவரு மேட்ச்சுக்குப் போயிருக்காரும்மா" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மனைவியின் கடிதம் வந்தது. அவள் கோபத்தில் எழுதினால் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். பந்து விளையாட்டு பார்க்கிறதுதான் உங்க டூட்டியா, அப்படி ஒரு டூட்டி உலகத்தில் உண்டா, இதை நான் வெளியில் சொன்னால் யாராவது நம்புவார்களா, பூத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள், அங்கே வேறு குடும்பம் எதுவும் வைத்திருந்தால் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி. பிள்ளை இப்போது அப்பா என்று சொல்கிறாள், போட்டோவைப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? இங்கே பணக்காரர் வீட்டுப் பிள்ளை பந்து உதைப்பதைப் பார்க்க ஆள் இல்லாததால் எங்களைக் கூட்டிப்போகிறார்கள் என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. போதாக்குறைக்கு அந்த வாரம் ரூமில் சாப்பாட்டுக்கு விரித்த இங்கிலீஷ் பேப்பரில் எங்கள் கேலரியின் படம் இருந்தது. பச்சைத் தொப்பிகள் வரிசையாகத் தெரிந்தன, ஒருவர் முகமும் தெரியவில்லை. கல்லூரி டீமுக்கு ரசிகர்கள் திரண்டதாகப் போட்டிருந்தான். ரசிகர்களாம்! அந்த ரசிகர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்ததைப் போட்டோக்காரன் பார்க்காமலா இருந்திருப்பான்? பேப்பரைக் கசக்கி எறிந்தேன். கடிதத்தையும் கிழித்தேன். என் குரலில், என் வாயால் சொன்னால்தான் அவள் நம்புவாள். அடுத்த முதல் வெள்ளிக்குக் கட்டாயம் பூத்துக்கு வா, ஆண்டவனே வந்து தடுத்தாலும் கூப்பிடுவேன் என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

அந்த வெள்ளியும் ஆட்டம்தான். சூப்பர்வைசரிடம் நேராகப் போய், பத்து நிமிஷம் விடுங்கள், வீட்டில் பேச வேண்டும் என்று கேட்டேன். "கலாஸ், கலாஸ்" என்று, பேச்சு முடிந்தது என்பதுபோல் கையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. கேலரி கட்டும்போதே பார்த்திருந்தேன், படிகளுக்குப் பின்னால் கேட் ஓரமாக மாணவர்களுக்கென்று ஒரு கார்டு போன் உண்டு. கார்டைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் ரூமில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். மேஸ்திரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு ஒன்று என்றால் முன்னால் வந்து நிற்பவர். கேலரியில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குப் பந்தப் பத்தி ஒரு எழவும் தெரியாதேப்பா" என்றார்.

"தெரிய வேணாம்ணே. சும்மா தூக்கிக்கிட்டு நில்லுங்க. பத்தே நிமிஷம்."

"நீ போய்ட்டு வா தம்பி. நான் பாத்துக்குறேன்."

நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தபடியே படி இறங்கினேன். சூப்பர்வைசர் கஃபீலின் சோஃபா பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் யாரும் இல்லை. முதல் தடவையிலேயே லைன் கிடைத்தது. முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"என்னங்க?"

மூன்று மாதமாகக் கேட்காத குரல். "நான்தான். இங்க பாரு, அந்த மேட்ச் விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். அப்போது தலைக்கு மேலே கேலரி அலறியது. நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில். கான்கிரீட் கூரைக்குக் கீழே அது இன்னும் பெரிதாகக் கேட்டது. நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. கத்தல், தட்டல், காலால் உதைக்கிற சத்தம், இடைவெளியே இல்லை.

"என்னங்க அது சத்தம்? எங்க இருக்கீங்க?"

"கிரவுண்டுல. ஆனா நான் பாக்க வரல. இவங்க கூட்டிட்டு..."

"கேக்கலங்க! மேட்ச்சா?"

"ஆமா, ஆனா..."

 பிறகு மகளின் மூச்சு கேட்டது. மனைவி ரிசீவரைப் பிள்ளையின் காதில் வைத்திருக்கிறாள். பாப்பா, பாப்பா என்றேன். மேலே அலறல் இன்னும் ஏறியது. குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

"புள்ள பயப்படுது" என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க மேட்ச்சப் பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

வைத்துவிட்டாள். கார்டில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது. மறுபடி கூப்பிட்டேன், எங்கேஜ்டு. அடுத்த வீட்டுப் பெண்ணின் நேரம் ஆரம்பித்திருக்கும்.

படியேறி மேலே போனேன். மேஸ்திரி அண்ணன் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தார். துண்டு இரண்டு கையிலும் தலைக்கு மேலே இருந்தது. மைதானத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. யாரோ காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான், மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது பேரும் அதற்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பேசிட்டியா தம்பி?" என்றார். முகமெல்லாம் வியர்வை. "உன்ன யாரும் தேடிடக் கூடாதேன்னு தூக்குன துண்ட எறக்கவே இல்ல பாத்துக்க."

அவரை என்ன சொல்வது? பேசிட்டேண்ணே என்றேன். துண்டை வாங்கினேன். முன்வரிசையில் கஃபீல் சாய்ந்து உட்கார்ந்து காவா குடித்துக்கொண்டிருந்தார். துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துண்டு கைக்கு வந்த பிறகு ஒரு ஆட்டத்திலும் வாயைத் திறக்காத நான் அன்றைக்குக் கத்தினேன். எங்கள் ஊரில் உள்ள அத்தனை கெட்ட வார்த்தையும் அதில் இருந்தது. கல்லூரிக்கு, கம்பெனிக்கு, அந்த சோஃபாவுக்கு, எனக்கு. தமிழ் தெரிந்தவர்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

கீழே நின்ற சூப்பர்வைசர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஷாபாஷ்!" என்றார். "ஐஸா கரோ. ஹர் மேட்ச்."

இப்படியே கத்து, ஒவ்வொரு மேட்ச்சுக்கும்.