எட்டு மணி பத்து நிமிடம்

பயணச்சீட்டு அலுவலகத்தின் மூன்றாவது மேசைக்காரருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் கணினிப் பக்கம் திரும்பாமலே தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடப் பழக்கம். விமானத்தில் மட்டும் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அதனால் அவருடைய ஞானத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் மகன் வீட்டில் இருந்த அவருடைய மாமியார், இந்தப் பக்கம் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்க ஆசைப்பட்டார். சீட்டுப் போட்டதும் மாப்பிள்ளைதான். ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர். எட்டு மணி பத்து நிமிடம். பகல் இரண்டு இருபதுக்கு இறங்கும்.

"எனக்கு லீவு கிடைக்கல. நீங்க கொஞ்சம் முன்னாடியே போய் நில்லுங்களேன். அம்மாவோட போன் இங்க வேலை செய்யாது" என்றாள் மனைவி.

"முன்னாடி போனா விமானம் ஓடி வந்துடுமா? இறங்கி, பெட்டி எடுத்து வெளிய வர மூணேகால் ஆகும். மூணுக்கு நான் அங்க இருப்பேன்."

மூன்றுக்கு இருந்தார். நேரம் காட்டும் பலகை மற்றவர்களுக்கானது என்று அதை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான்கரை ஆகியும் மாமியார் வராதபோதுதான் பார்த்தார். விமானம் ஒன்று இருபத்தைந்துக்கே இறங்கியிருந்தது.

"பின்காத்து சார், கடல் மேல நல்லா தள்ளிவிட்டிருக்கு. எல்லாரும் எப்பவோ போயாச்சு" என்றாள் விசாரணைப் பெண்.

மாமியாரின் பெயரை மூன்று தடவை ஒலிபெருக்கியில் கூப்பிட வைத்த பிறகு மனைவியின் போன் வந்தது. "யாரைத் தேடிட்டிருக்கீங்க? அம்மா நம்ம மாடி வீட்டுல காபி குடிச்சிட்டிருக்காங்களாம்!"

முகவரிச் சீட்டை டாக்சிக்காரரிடம் காட்டி மாமியார் தானாகவே வந்திருக்கிறார். பூட்டிய கதவின் முன் நின்றவரை மாடி வீட்டு அம்மாள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மாப்பிள்ளை வீடு திரும்புவதற்குள் அவருடைய குறட்டை முதல் பெண் பார்க்க வந்தபோது கால் தடுக்கி விழுந்தது வரை மாடியில் எல்லாம் தெரிந்துபோயிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை, பயணமெல்லாம் சௌகரியமா?" என்று மாமியார்தான் வரவேற்றார். "உங்க கணக்குல குத்தமில்ல. ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், விமானம் பறக்காதா?"

அதற்குப் பிறகு நேரம் கேட்ட ஒரு வாடிக்கையாளரிடம், "எட்டு பத்து... காத்தைப் பொறுத்து முன்னப்பின்ன ஆகலாம்" என்றார் கடிகாரம். அந்த மனிதர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நான்காவது மேசைக்குப் போய்விட்டார்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில், மாமியாருக்குத் திரும்பும் பயணத்தை விளக்கினார். இந்தத் தடவை கவனமாக, எதையும் விட்டுவிடாமல்.

"போறதுக்கு ஒன்பதேகால் மணி ஆகும் அத்தை. எதிர்காத்து."

"அப்படியா?" என்றார் மாமியார். "அப்ப காத்து திரும்புற வரைக்கும் இருந்துட்டே போறேன்."

மறுநாள் மூன்றாவது மேசையில் அவர் தம் கையாலேயே தேதியை மூன்று மாதம் தள்ளிப் போட்டார்.